பல நோய்களோடு வாழும் அம்மாவின் நாட்களை எப்படி இலகுவாக்குவது?

உங்கள் கேள்வியை நான் எப்படிப் புரிந்துகொண்டேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். அம்மாவுக்கு 67 வயது. இருபது வருடமாகச் சுகர், கூடவே பிரஷர், தைராய்டு. மூன்று வருடத்துக்கு முன் இதயத்தில் ஸ்டென்ட். இரண்டு முழங்காலிலும் தேய்மானம். போன வருடத்திலிருந்து சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் 1.6. நான்கு டாக்டர்கள், தினமும் பதினாறு மாத்திரைகள். மூன்று மாதச் சுகரின் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி 6.3, எல்லாம் கட்டுக்குள் இருக்கிறது என்று எல்லா டாக்டரும் சொல்கிறார்கள். ஆனால் அம்மா பகலெல்லாம் படுத்தே இருக்கிறார், எந்த விசேஷத்துக்கும் வருவதில்லை, "எதுக்கு இந்த உசிர இழுத்துப் பிடிச்சுக்கிட்டு இருக்கணும்" என்கிறார். இனி எந்த ஸ்பெஷலிஸ்டைப் பார்ப்பது, புதிதாக மருந்து ஏதும் வந்திருக்கிறதா என்று எழுதியிருக்கிறீர்கள். அதற்கு அடியில் இன்னொரு கேள்வி இருப்பதாக எனக்குப் படுகிறது: இந்த நோய்கள் எதுவும் போகப்போவதில்லை, இவற்றோடேயே அம்மாவின் ஒரு நாள் நல்ல நாளாகக் கழிய வழி உண்டா? அந்தக் கேள்விக்குத்தான் எழுதுகிறேன். வழி உண்டு.

நான் ஒரு பொது மருத்துவர். காவிரிப் படுகையில் ஒரு சிறு ஊரில் இருபது வருடத்துக்கு மேலாக நோயாளிகளைப் பார்க்கிறேன். என்னிடம் வருபவர்களில் பாதிக்கு மேல் உங்கள் அம்மாவைப் போன்றவர்கள்தான். ஆனால் அவரைப் பார்க்காமல், எந்த மாத்திரையைக் குறைக்கலாம், எதை நிறுத்தலாம் என்று நான் சொல்ல முடியாது, சொல்லவும் மாட்டேன். கீழே சில மருந்துகளின் பெயர் வரும். அவை டாக்டரிடம் கேட்பதற்கு மட்டும். வீட்டில் நீங்களாக எதையும் நிறுத்திவிடாதீர்கள், அதிலும் ஸ்டென்ட் வைத்தவர் சாப்பிடும் ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரைகளைத் தொடவே கூடாது.

அம்மாவின் நிலைமை அபூர்வமானது இல்லை. ஸ்காட்லாந்தில் 17 லட்சத்துக்கும் அதிகமானவர்களின் மருத்துவப் பதிவுகளை வைத்து 2012-ல் ஒரு பெரிய ஆய்வு வந்தது. நீண்டகால நோய் இரண்டோ அதற்கு மேலோ உள்ளவர்கள் கிட்டத்தட்ட நாலில் ஒருவர். ஏழைகள் வாழும் பகுதிகளில் இந்த நிலை பத்துப் பதினைந்து வருடம் முன்னதாகவே வந்துவிடுகிறது என்பதும் அதில் தெரிந்தது. நம் ஊரில் வயலிலும் கட்டட வேலையிலும் உழைத்தவர்கள் ஐம்பது வயதிலேயே அறுபத்தைந்து வயது உடம்போடு வருவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்த ஆய்வு நினைவுக்கு வரும். ஆனால் மருத்துவம் ஒவ்வொரு நோயாகப் பிரிந்து வளர்ந்துவிட்டது. இதயத்துக்கு ஒரு வழிகாட்டி நெறிமுறை, சுகருக்கு ஒன்று, சிறுநீரகத்துக்கு ஒன்று. அமெரிக்காவில் 2005-ல் சில மருத்துவர்கள் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். 79 வயதுப் பெண் ஒருவருக்கு ஐந்து நோய்கள் என்று கற்பனை செய்துகொண்டு, ஒவ்வொரு நோய்க்கும் உள்ள நெறிமுறையை அப்படியே பின்பற்றினால் என்ன ஆகும் என்று பார்த்தார்கள். 12 வகை மருந்துகள், ஒரு நாளைக்கு ஐந்து வேளை. அதற்கு மேல் உணவுக் கட்டுப்பாடுகள், பரிசோதனைகள். தனித்தனியாகப் பார்த்தால் எதுவும் தவறில்லை. சேர்த்துப் பார்த்தால் அந்தப் பெண்ணுக்கு வைத்தியம் பார்த்துக்கொள்வதே முழுநேர வேலை. உங்கள் அம்மாவின் நான்கு டாக்டர்களும் அவரவர் பங்கைச் சரியாகத்தான் செய்திருப்பார்கள். மொத்தத்தையும் கூட்டிப் பார்க்க ஆள் இல்லை, அவ்வளவுதான்.

வாழ்க்கைத் தரத்தை அளப்பதற்கு உலக சுகாதார நிறுவனம் 1990-களில் ஒரு கேள்வித்தாளை உருவாக்கியது. அதற்காக உலகெங்கும் தேர்ந்தெடுத்த மையங்களில் சென்னையும் ஒன்று. அதன் சுருக்க வடிவத்தில் 26 கேள்விகள். சுகர் எவ்வளவு, பிரஷர் எவ்வளவு என்ற கேள்வி ஒன்றுகூடக் கிடையாது. வலி உங்கள் வேலையைத் தடுக்கிறதா, தூக்கம் திருப்தியாக இருக்கிறதா, அன்றாட வேலைக்குத் தெம்பு இருக்கிறதா, வெளியே போய்வர முடிகிறதா, தேவைக்குப் பணம் இருக்கிறதா, நண்பர்கள் உதவுகிறார்களா, மனச்சோர்வு எவ்வளவு அடிக்கடி வருகிறது. இப்படித்தான் போகும். அம்மாவின் ஃபைலை எடுத்துப் பாருங்கள். இந்தக் கேள்விகளில் ஒன்றுக்காவது அதில் பதில் இருக்கிறதா? இருக்காது. ரிப்போர்ட் நன்றாக இருந்தும் அம்மா நன்றாக இல்லாததற்குக் காரணம் இங்கேதான் தொடங்குகிறது.

சரி, நிச்சயமாகத் தெரிந்தவற்றை முதலில் சொல்கிறேன். நீங்கள் நிம்மதியோடு எழுதியிருந்த அந்த 6.3-தான் என்னை முதலில் யோசிக்க வைத்தது. இருபது வருடச் சுகர், ஸ்டென்ட், சிறுநீரகக் குறைவு எல்லாம் உள்ள 67 வயதுக்காரருக்கு இந்த அளவு இறுக்கம் தேவையில்லை. அமெரிக்க நீரிழிவுச் சங்கத்தின் வழிகாட்டுதலே பல நாள்பட்ட நோய்கள் உள்ள முதியவர்களுக்கு 8-க்குக் கீழ் இருந்தால் போதும் என்கிறது. அக்கார்டு என்ற பெரிய ஆய்வில், இதய நோய் வாய்ப்பு அதிகமுள்ள பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட சுகர் நோயாளிகளில் ஒரு பாதியினருக்கு ஹெச்பிஏ1சியை 6-க்குக் கீழே கொண்டுவர முயன்றார்கள். அந்தப் பிரிவில் இறப்பு கூடியதால் 2008-ல் அந்த முயற்சியையே பாதியில் நிறுத்தினார்கள். அம்மா கிளிமெபிரைடு மாதிரியான மாத்திரையோ இன்சுலினோ எடுத்துக்கொண்டு 6.3-ல் இருக்கிறார் என்றால், நாளில் ஏதோ ஒரு நேரத்தில் அவருக்கு லோ சுகர் வருகிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். சிறுநீரகம் தளர்ந்திருக்கும்போது இந்த மருந்துகள் உடம்பில் கூடுதல் நேரம் தங்கும். இதயத்துக்குக் கொடுக்கும் மெட்டோப்ரோலால் போன்ற மாத்திரைகள் லோ சுகரின் படபடப்பையும் நடுக்கத்தையும் மறைத்துவிடும், வியர்வை மட்டும் கொட்டும். பல முதியவர்களுக்கு அதுவும் தெரியாது. காரணமில்லாத அசதி, எரிச்சல், விடியற்காலைத் தலைவலி, மதியச் சாப்பாட்டுக்கு முன் சுருண்டு படுத்துக்கொள்வது, இவ்வளவுதான் வெளியில் தெரியும். வீட்டில் "அம்மா சோம்பலாகிவிட்டார்" என்பார்கள். குளுக்கோமீட்டர் இருந்தால், அம்மா அப்படிப் படுக்கும் நேரத்தில் ஒருமுறை விரலில் குத்திப் பாருங்கள். 70-க்குக் கீழே இருந்தால் உடனே சர்க்கரையோ ஜூஸோ கொடுங்கள், டாக்டரிடமும் அந்த வாரமே சொல்லுங்கள்.

இதோடு ஒன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஹெச்பிஏ1சி ரத்தத்தின் சிவப்பணுக்களை வைத்து எடுக்கும் அளவு. சிறுநீரகம் தளர்ந்தால் ரத்தசோகை வரும், ரத்தசோகை இருந்தால் இந்த எண் ஏமாற்றக்கூடும். கிரியாட்டினின் 1.6 என்பது கேட்பதற்குச் சின்னதாக இருக்கிறது. 67 வயதுப் பெண்ணுக்கு அதைக் கணக்கிட்டால் சிறுநீரகம் வடிகட்டும் வேகம் (ரிப்போர்ட்டில் eGFR என்று இருக்கும்) ஏறக்குறைய 35-தான் வருகிறது. இந்த வேகம் 45-க்குக் கீழே போனதுமே மெட்ஃபார்மின் என்ற சுகர் மாத்திரையின் அளவை மறுபரிசீலனை செய்ய வேண்டும், 30-க்குக் கீழே நிறுத்திவிட வேண்டும். அம்மாவின் சீட்டில் இருக்கும் மெட்ஃபார்மின் அளவு எந்த வருடத்துக் கிரியாட்டினினைப் பார்த்து எழுதியது என்று கேளுங்கள். நீண்ட காலம் மெட்ஃபார்மின் எடுப்பவர்களுக்கு பி12 குறைவதும் சகஜம். கால் எரிச்சல், மதமதப்பு, அசதி, மறதி என்று அது பல வேஷத்தில் வரும். ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும், சரிசெய்வதும் எளிது.

அடுத்து முழங்கால். அம்மா வலி மாத்திரை எதுவும் சாப்பிடுவதில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். மன்னிக்கவும், அதை நான் அப்படியே எடுத்துக்கொள்ள மாட்டேன். டாக்டர் சீட்டில் இல்லாத வலி மாத்திரை நம் ஊரில் ஏறக்குறைய எல்லா வீட்டிலும் உண்டு. மெடிக்கலில் "மூட்டு வலிக்கு ரெண்டு குடுப்பா" என்று கேட்டால் டைக்ளோஃபெனாக் அல்லது அசிக்ளோஃபெனாக் வரும். பிரஷருக்கு டெல்மிசார்டன் வகை மாத்திரை, அதோடு நீர் மாத்திரை, அதற்கு மேல் இந்த வலி மாத்திரை என்று மூன்றும் சேர்ந்தால் சிறுநீரகம் திடீரென்று படுத்துவிடலாம். வெயில் காலத்தில், வயிற்றுப்போக்கு நாட்களில் ஆபத்து இன்னும் கூடும். இதில் மருத்துவ உலகில் கருத்து வேறுபாடே கிடையாது. ஆனால் "வலி மாத்திரை சாப்பிடாதே" என்று சொல்லிவிட்டு வலியை அப்படியே விட்டுவிடுவதும் நியாயமில்லை. பாராசிட்டமாலை டாக்டர் சொல்லும் அளவில் கொடுக்கலாம். மூட்டில் தடவும் வலி ஜெல் உள்ளே மிகக் குறைவாகத்தான் போகும் என்பதால் ஆபத்து குறைவு, இருந்தாலும் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும்விட நல்லது தொடைத் தசையைப் பலப்படுத்தும் பயிற்சி. நாற்காலியில் உட்கார்ந்து காலை நேராக நீட்டிக் கொஞ்ச நேரம் பிடித்து இறக்குவது, கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவது. ஒரு பிசியோதெரபிஸ்ட் இரண்டு மூன்று முறை நேரில் சொல்லிக் கொடுத்தால் போதும், அப்புறம் வீட்டிலேயே செய்யலாம். கைத்தடியை வலி அதிகமுள்ள காலுக்கு எதிர்க் கையில் பிடிக்க வேண்டும். பெரும்பாலானவர்கள் மாற்றித்தான் பிடிக்கிறார்கள்.

மாத்திரைகளுக்கு வருவோம். என்னிடம் வருபவர்களிடம், வீட்டில் இருக்கும் எல்லா மாத்திரையையும் ஒரு மஞ்சப்பையில் போட்டு எடுத்துவரச் சொல்வேன். சீட்டு மட்டும் போதாது, மாத்திரையே வேண்டும். பை மேசையில் கொட்டும்போதுதான் உண்மை தெரியும். வயிற்று அமிலத்தைக் குறைக்கும் ஒரே பான்டோப்ரசோல் இரண்டு கம்பெனிப் பெயரில், ஒன்று இதய டாக்டர் கொடுத்தது, இன்னொன்று எலும்பு டாக்டர் கொடுத்தது. பாதி கத்தரித்த பட்டையில் பெயர் போய்விட்ட நாலு வெள்ளை மாத்திரை, "இது எதுக்குன்னு தெரியல டாக்டர், ஆனா விடாம சாப்பிடுறேன்." பக்கத்து வீட்டு அக்கா கொடுத்த தூக்க மாத்திரை. எப்போதோ காலாவதியான கால்சியம். தைராய்டு மாத்திரையையும் கால்சியத்தையும் காலையில் ஒன்றாகப் போட்டுக்கொள்கிறவர்கள் நிறையப் பேர். இரண்டுக்கும் நடுவே நாலு மணி நேரம் விடாவிட்டால் தைராய்டு மாத்திரை சரியாக உடம்பில் சேராது, அசதி அப்படியே இருக்கும், டோஸ் மட்டும் ஏறிக்கொண்டே போகும்.

ஒரு மாத்திரையின் பக்கவிளைவைப் புது நோய் என்று நினைத்து இன்னொரு மாத்திரை சேர்ப்பது அடிக்கடி நடக்கிறது. பிரஷருக்கு ஆம்லோடிபின் கொடுக்கிறார்கள், சிலருக்கு அதில் கணுக்கால் வீங்கும். வீக்கத்துக்கு நீர் மாத்திரை. அதை மாலையில் போட்டுக்கொண்டால் இரவில் நாலு தடவை பாத்ரூம். தூக்கம் கெடுகிறது, தூக்க மாத்திரை. இருட்டில் தள்ளாடி எழுந்தால் விழுந்து இடுப்பு எலும்பு முறிகிறது. இதில் எந்த டாக்டரையும் குறை சொல்ல முடியாது, ஆனால் சங்கிலியின் முதல் கண்ணியை மாற்றியிருந்தால் மற்ற மூன்றும் வேண்டியிருக்காது. டாக்டரிடம் நீங்கள் கேட்க வேண்டியது இதுதான்: "இந்த மாத்திரை எதற்காக, எந்த வருடம் ஆரம்பித்தது, இன்னும் அந்தக் காரணம் இருக்கிறதா, இதனால் வந்த தொந்தரவுக்காக வேறு மாத்திரை சேர்ந்திருக்கிறதா?" பெரும்பாலான டாக்டர்கள் இதைக் கோபமில்லாமல் எடுத்துக்கொள்வார்கள். அம்மாவின் பிரஷரை நின்ற நிலையிலும் பார்க்கச் சொல்லுங்கள். படுத்திருந்து எழுந்து நின்ற மூன்று நிமிடத்துக்குள் மேல் அளவு 20 இறங்கினால், கிறுகிறுப்புக்கும் வெளியே போகப் பயப்படுவதற்கும் அதுவே காரணமாக இருக்கலாம்.

இப்போது அம்மா சொன்ன அந்த வார்த்தை. "எதுக்கு இந்த உசிர" என்பதை வயதானவர்களின் வழக்கமான புலம்பல் என்று தள்ளிவிட வேண்டாம். நாள்பட்ட நோய் ஒன்றுக்கு மேல் சேரச் சேர மனச்சோர்வு நோய் வரும் வாய்ப்பு கூடுகிறது. அது வந்தால் வலி கூடுதலாகத் தெரியும், மாத்திரை தவறும், நடை நின்றுபோகும். இரண்டு கேள்வி கேளுங்கள். கடந்த இரண்டு வாரத்தில் எதிலும் ஆர்வமோ மகிழ்ச்சியோ இல்லாமல் இருந்ததா? மனம் சோர்ந்து, நம்பிக்கை இல்லாமல் இருந்ததா? பெரும்பாலான நாட்கள் ஆமாம் என்றால் சிகிச்சை தேவையா என்று டாக்டர் முறையாகப் பார்க்க வேண்டும். சாக வேண்டும் என்று தோன்றுகிறதா என்பதையும் நேராகக் கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. ஆமாம் என்றால் அன்றைக்கே உதவி தேடுங்கள், தனியாக விடாதீர்கள். 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம்.

இந்த விஷயத்தில் நமக்கு நம்பிக்கை தரும் ஆதாரம் நம் நாட்டிலேயே இருக்கிறது. சென்னை உட்பட நான்கு நகரங்களின் நீரிழிவு மருத்துவமனைகளில், சுகரும் மனச்சோர்வும் சேர்ந்திருந்த 404 பேரை வைத்து ஒரு ஆய்வு நடந்தது, 2020-ல் வெளிவந்தது. ஒரு பிரிவினருக்கு வழக்கமான சிகிச்சை. இன்னொரு பிரிவினரைப் பயிற்சி பெற்ற ஒரு பணியாளர் தொடர்ந்து விசாரித்து, ஊக்கப்படுத்தி, அவர்கள் விவரத்தை மனநல மருத்துவர் உட்பட்ட குழுவிடம் கொண்டுபோனார். இரண்டு வருடம் கழித்து, மனச்சோர்வு பாதிக்குப் பாதி குறைந்து, சுகர், பிரஷர், கொழுப்பு மூன்றில் ஒன்றாவது நன்றாகியிருந்தவர்கள் அந்தப் பிரிவில் நூற்றுக்கு 72 பேர், வழக்கமான பிரிவில் 57 பேர். அமெரிக்காவில் 2010-ல் வந்த இதே போன்ற ஆய்விலும் முடிவு இதே திசையில்தான். மனதைக் கவனித்தால் உடம்பும் கூடத் தேறுகிறது. பல நோய் உள்ளவர்களின் வாழ்க்கைத் தரத்தை உயர்த்த ஒரே ஒரு இடத்தில் கைவைக்கச் சொன்னால் நான் இங்கேதான் வைப்பேன்.

அப்புறம், மகனிடம் சொல்லாத விஷயங்கள். இருமினால், தும்மினால் சிறுநீர் கசிவது, அவசரமாக வந்து பாத்ரூம் போவதற்குள் நனைந்துவிடுவது. கல்யாணத்துக்கு வராததற்குக் காரணம் கேட்டால் "கால் வலி" என்பார்கள். பெண்கள் இதை என்னிடமே, மகளோ மருமகளோ வெளியே போன பிறகுதான், தாழ்ந்த குரலில் சொல்வார்கள். ஒரு அம்மா வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போவதையே நிறுத்தியிருந்தார். காலை எட்டு மணிக்கு நீர் மாத்திரை, ஒன்பது மணிக்குக் கோயில், நடுவில் எங்கேயும் கழிப்பறை கிடையாது. அவருடைய இதய டாக்டரிடம் கேட்டுவிட்டு, வெள்ளிக்கிழமை மட்டும் அந்த மாத்திரையைக் கோயில் போய்வந்த பிறகு போட்டுக்கொள்ளச் சொன்னோம். மருந்து அதே மருந்து, அளவும் அதேதான். கோயில் திரும்பக் கிடைத்தது. உங்கள் அக்காவோ சித்தியோ தனியாக உட்கார்ந்து இதையெல்லாம் கேட்டுப் பார்க்கட்டும். கண்ணையும் காதையும் பல்லையும் விட்டுவிடாதீர்கள். கண்புரை முற்றினால் டிவி, படி, முகங்கள் எல்லாம் மங்கும், விழும் பயமும் வரும். அறுவைக்குப் பிறகு வாழ்க்கை மாறுவது திட்டவட்டமாகத் தெரிந்த விஷயம். காது மந்தமானவர்கள் கூட்டத்தில் தனியாகி, மெல்ல ஒதுங்கிவிடுவார்கள். பல் இல்லாவிட்டால் கஞ்சியும் இட்லியும்தான், சுகரும் ஏறும், தசையும் கரையும்.

சாப்பாடு பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் பல வீடுகளில் நோயாளியின் நாளைக் கெடுப்பது இதுதான். சுகர் டாக்டர் "சுண்டல், பயறு நிறையச் சாப்பிடுங்கள்" என்பார், சிறுநீரக டாக்டர் "புரதத்தைக் குறையுங்கள்" என்பார். ஒருவர் பழமும் கீரையும் என்பார், இன்னொருவர் அதில் பொட்டாசியம் இருக்கிறது, வேண்டாம் என்பார். கடைசியில் அம்மாவுக்கு மிஞ்சுவது உப்பில்லாத கோதுமைக் கஞ்சி. உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்று தெரிந்த மனுஷிக்கு அதைத் தட்டில் வைத்துவிட்டுப் பக்கத்தில் மற்றவர்கள் மீன் குழம்பு சாப்பிட்டால் எப்படி இருக்கும்? பொட்டாசியக் கட்டுப்பாடு சிறுநீரகக் குறைவு உள்ள எல்லோருக்கும் தேவையில்லை. ரத்தத்தில் பொட்டாசியம் ஏறியிருந்தால்தான் கெடுபிடி. அம்மாவின் அளவு என்ன என்று பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். உப்பைக் குறைப்பது முக்கியம்தான், ஆனால் நம் உப்பில் பெரும்பங்கு ஊறுகாய், அப்பளம், கருவாடு, கடைக் காரவகைகளில் இருக்கிறது. அவற்றை நிறுத்திவிட்டு, குழம்பில் மிதமாகப் போட்டு, எல்லோரும் அதையே சாப்பிடலாம். புளியும் எலுமிச்சையும் மிளகும் சீரகமும் பூண்டும் ருசியைத் தாங்கும். கடைகளில் விற்கும் சோடியம் குறைந்த உப்பை மட்டும் வாங்கிவிடாதீர்கள். அதில் பொட்டாசியம் இருக்கும், அம்மாவுடைய சிறுநீரகத்துக்கும் டெல்மிசார்டன் வகை மாத்திரைக்கும் ஆகாது. பேரன் பிறந்தநாளில் ஒரு துண்டு கேக் சாப்பிட்டதற்காக யாரும் அவரை முறைக்க வேண்டாம்.

இதுவரை சொன்னதில் எனக்குச் சந்தேகமில்லை. இனிச் சொல்பவை அப்படியல்ல. பல நோய் உள்ளவர்களுக்கென்றே மருத்துவ முறையை மாற்றி அமைத்தால் வாழ்க்கைத் தரம் உயருமா என்று பெரிய ஆய்வுகள் நடந்திருக்கின்றன. பிரிட்டனில் 33 குடும்ப மருத்துவ மையங்களில், மூன்றும் அதற்கு மேலும் நோய்கள் உள்ள 1,546 பேரை வைத்து நடந்தது ஒன்று. தனித்தனி நோய்க்கு வருவதற்குப் பதில் ஆறு மாதத்துக்கு ஒருமுறை எல்லாவற்றையும் சேர்த்து விரிவாகப் பார்த்தார்கள், மருந்துகளை ஆராய்ந்தார்கள், நோயாளிக்கு எது முக்கியம் என்று கேட்டார்கள். 2018-ல் முடிவு வந்தது. தங்களைக் கவனித்த விதம் நன்றாக இருந்தது என்று நோயாளிகள் சொன்னார்கள், ஆனால் வாழ்க்கைத் தர மதிப்பெண் உயரவில்லை. அதேபோல ஐரோப்பாவில் நான்கு நாடுகளில் இரண்டாயிரம் முதியவர்களுக்குத் தேவையற்ற மருந்துகளை முறைப்படி குறைத்துப் பார்த்தார்கள். மருந்து குறைந்தது, கெடுதல் எதுவும் வரவில்லை, ஆனால் மருத்துவமனையில் சேருவது குறிப்பிடும்படிக் குறையவில்லை. இந்த முடிவுகளை நான் உங்களிடம் மறைக்க விரும்பவில்லை. மாத்திரையைக் குறைத்துவிட்டால் மட்டும் அம்மா எழுந்து உட்கார்ந்துவிடுவார் என்று எதிர்பார்க்க வேண்டாம். பொதுவான ஏற்பாடுகளைவிட, ஒருவருடைய நாளைக் கெடுக்கும் குறிப்பிட்ட ஒரு தொந்தரவைக் கண்டுபிடித்துச் சரிசெய்வது கூடுதல் பலன் தருகிறது என்பது என் அனுபவம். மனச்சோர்வு பற்றிய ஆய்வுகளும் அந்தப் பக்கம்தான் கை காட்டுகின்றன.

ஒரே மருத்துவரிடம் தொடர்ந்து போவது பற்றியும் இப்படித்தான். நார்வேயில் 45 லட்சம் பேரின் பதிவுகளில், ஒரே குடும்ப மருத்துவரிடம் 15 வருடத்துக்கு மேல் இருந்தவர்களுக்கு, ஒரு வருடமே ஆனவர்களைவிட, மருத்துவமனையில் சேரும் வாய்ப்பும் இறக்கும் வாய்ப்பும் ஏறக்குறைய கால் பங்கு குறைவாக இருந்தன. அதற்குத் தொடர்ச்சிதான் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஒரே ஊரில் நிலையாக வாழ்பவர்கள் வேறு வகையிலும் நலமாக இருக்கலாம். இருந்தாலும் என் தீர்ப்பைக் கேட்டால், ஐந்தாவது ஸ்பெஷலிஸ்டைத் தேடாதீர்கள். வீட்டுக்குப் பக்கத்தில், பேச நேரம் கொடுக்கும் ஒரு பொது மருத்துவரையோ முதியோர் நல மருத்துவரையோ பிடித்து, எல்லாச் சீட்டும் அவர் கண்ணில் பட்டுத்தான் போக வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். சென்னைக்கு வர முடிந்தால் கிண்டியில் 2024-ல் திறந்த தேசிய முதியோர் நல மருத்துவமனை இருக்கிறது. ஒரே கூரையின் கீழ் மொத்தமாகப் பார்ப்பார்கள்.

அலைச்சலும் செலவும்கூட நோயின் பாரம்தான். நான்கு டாக்டர்களுக்கு நான்கு நாள், ஒவ்வொருவரும் தனித்தனி ரத்தப் பரிசோதனை, ஒவ்வொரு தடவையும் வெறும் வயிற்றோடு ஆட்டோ. ஒரே வாரத்தில் ஒரே ரத்தத்தில் எல்லாப் பரிசோதனையையும் எடுத்து நான்கு பேருக்கும் பிரதி கொடுக்கலாம். இதைச் சொன்னால் யாரும் மறுப்பதில்லை, ஆனால் யாரோ ஒருவர் முன்வந்து சொல்ல வேண்டியிருக்கிறது. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சுகர், பிரஷர் மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள், வீட்டிலேயே பிசியோதெரபியும் உண்டு. பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதியுங்கள். வெளியில் வாங்க வேண்டிய மருந்துகளுக்கு 2025 பிப்ரவரியில் திறந்த முதல்வர் மருந்தகங்களும் மத்திய அரசின் மக்கள் மருந்தகங்களும் விலை குறைவு. பணம் மிச்சமாவது ஒரு பக்கம். "நான் புள்ளைக்குச் செலவு வச்சுக்கிட்டே இருக்கேன்" என்ற உறுத்தல் குறைவதுதான் பெரிய விஷயம். "எதுக்கு இந்த உசிர" என்பதற்குப் பின்னால் பல நேரம் அந்த உறுத்தல் இருக்கிறது. அம்மாவைக் கூடவே இருந்து கவனிப்பது யார் என்று நீங்கள் எழுதவில்லை. மனைவியோ தங்கையோ, அவருக்கும் வாரத்தில் ஒரு நாள் முழுதாக ஓய்வு கிடைக்கிறதா என்று பாருங்கள்.

அடுத்த முறை ஊருக்குப் போகும்போது, மாத்திரை சாப்பிட்டாயா, சுகர் எவ்வளவு என்று ஆரம்பிக்காமல், "முன்னெல்லாம் செஞ்சு இப்ப செய்ய முடியாமப் போனதுல எது திரும்ப வேணும்மா?" என்று கேளுங்கள். முதலில் "ஒண்ணும் வேணாம்" என்பார். மறுநாள் மறுபடி கேளுங்கள். என்னிடம் வந்த ஒரு பாட்டிக்கு வேண்டியிருந்தது ஒன்றுதான், டவுன் பஸ்ஸில் ஏறி மகள் வீட்டுக்குத் தனியாகப் போய்வர வேண்டும். அவருக்கும் சுகர், பிரஷர், மூட்டு, ஆஸ்துமா எல்லாம் உண்டு. பஸ் படியின் உயரம்தான் எங்கள் இலக்கு. ஒரு மர முக்காலியைச் சுவரோரம் போட்டு, ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு தினமும் ஏறி இறங்கினார். பயணத்துக்கு முன் இன்ஹேலர். மயக்கம் வராமல் இருக்கச் சுகர் மாத்திரையின் அளவைத் தளர்த்தினோம். கைப்பையில் நாலு குளுக்கோஸ் பிஸ்கட். மகள் வீட்டிலேயே ஒரு வாரத்துக்கான மாத்திரை டப்பா ஒன்று. சில மாதத்தில் போய்வந்துவிட்டார், அப்புறம் அவராகவே பயிற்சியை விடாமல் செய்தார். அம்மாவின் விருப்பம் என்னவோ, அதை ஒரு தாளில் எழுதி, டாக்டரிடம் ரிப்போர்ட்டுக்கு மேல் வைத்துக் கொடுங்கள். எந்த மாத்திரை வேண்டும், எந்த எண் எவ்வளவு இருந்தால் போதும் என்று முடிவு செய்ய அவருக்கும் அது உதவும்.

எல்லாம் செய்த பிறகும் அம்மாவுக்குச் சில நாட்கள் மோசமாகத்தான் இருக்கும். முழங்கால் இருபது வயதுக்குத் திரும்பாது. சிறுநீரகத்தை இப்போதிருக்கும் அளவில் நீண்ட நாள் காப்பாற்றுவதே பெரிய வெற்றி. மாற்றம் தெரிய ஒன்றிரண்டு மாதம் பிடிக்கும். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மாற்றாதீர்கள், எது வேலை செய்தது என்று தெரியாமல் போய்விடும். முதலில் லோ சுகர், மனச்சோர்வு, வலி மாத்திரை மூன்றையும் பாருங்கள். நெஞ்சு அழுத்தம், திடீர் மூச்சுத்திணறல், முகமோ கையோ ஒரு பக்கம் இழுப்பது, சிறுநீர் வெகுவாகக் குறைவது, எழுப்பினாலும் தெளியாத தூக்கம், இவற்றில் எது வந்தாலும் 108-ஐ அழையுங்கள், பதிலுக்கு இங்கே காத்திருக்க வேண்டாம். மாத்திரைகளின் பெயர், அளவு, சாப்பிடும் நேரம், கடைசி மூன்று கிரியாட்டினின், பொட்டாசியம், ஹீமோகுளோபின், நின்ற நிலைப் பிரஷர் இவற்றைக் கீழே எழுதினால், உங்கள் டாக்டரிடம் எந்தக் கேள்வியை முதலில் கேட்க வேண்டும் என்று சொல்ல முயல்கிறேன். அம்மாவின் பெயரையும் மருத்துவமனையின் பெயரையும் எழுத வேண்டாம்.